கணக்கு மாஸ்டரும் ஒரு கல்தச்சரும்

நம் கணக்கு மாஸ்டர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளையிலிருந்து வந்ததும், சங்க மலருக்கு ஏதாவது எழுதித்தரும்படி செயலாளர் கேட்டார். முறையான இரங்கலுரையை வேறு யாராவது எழுதுவார்கள். எனக்கு மாஸ்டரை நினைத்தால் கூடவே தோமஸ் பிரைஸ் என்ற கல்தச்சரும் வந்துவிடுகிறார். அவர் நம் கல்லூரியில் படித்தவர் அல்லர்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று கரும்பலகையில் என் தேற்றம் பாதியில் நின்றுவிட்டது. மாஸ்டர் பிரம்பை எடுக்கவில்லை, யன்னலைக் காட்டினார். புதிய கட்டடத்தின் சாரத்தில் என் ஐயா தலைத்துண்டோடு குந்தியிருந்து, ஒரு கல்லின் விளிம்பை உளியால் தட்டிக்கொண்டிருந்தார். "கணக்கு வராவிட்டால் என்ன, அங்கே இன்னொரு உளி இருக்கும்" என்றார் மாஸ்டர். வகுப்பே சிரித்தது. இதை வாசிப்பவர்களிலும் சிலர் சிரித்தவர்கள்தான். ஐயாவின் காதில் அது விழுந்ததோ என்று வீட்டில் யாரும் பேசியதில்லை.

அடிலெயிட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பிரைஸின் கதை தெரியவந்தது. 1852இல் வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் வளர்ந்தவர். ஏழைப் பிள்ளைகள் பென்னி கட்டிப் படிக்கும் பள்ளியில் கொஞ்சம் படிப்பு, பிறகு கல்வேலை. 1883இல் இங்கே வந்து, நோர்த் டெரஸ் வீதியில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த பாராளுமன்றத்துக்குக் கல் பொளிந்தார். தொழிற்சங்கத்தில் உழைத்து, 1893இல் தொழிற்கட்சி உறுப்பினராக அதே கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார். 1905இல் தென் அவுஸ்திரேலியாவின் முதல்வர். தனிப் பெரும்பான்மை இல்லை. ஆர்ச்சிபால்ட் பீக் தலைமையிலான லிபரல்களோடு கூட்டு. சொத்துள்ளவனுக்கே வாக்கு என்றிருந்த மேலவையோடு மோதி 1906இல் மறுபடி தேர்தலுக்குப் போனார். அந்த வாக்குரிமையை விரிவாக்கக் கேட்டதில் கொஞ்சம்தான் கிடைத்தது. கூட்டணி அரசியலில் அதுவே பெரிது. கல்வி அமைச்சும் அவரிடம்தான் இருந்தது. 1908இல் அடிலெயிட் உயர்நிலைப் பள்ளியைத் திறந்துவைத்தவர் அந்தப் பென்னிப் பள்ளிப் பையன்தான். அடுத்த ஆண்டு மே 31 அன்று பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

அந்தப் பாராளுமன்றக் கட்டடத்தின் பளிங்கை முதன்முதல் தொட்டுப் பார்த்தபோது எனக்கு மாஸ்டர் மீது கோபம்தான் வந்தது. ஆனால் கணக்கு அத்தனை நேரானது அல்ல. அந்த வெள்ளிக்கு அடுத்த திங்களிலிருந்து பள்ளி விட்ட பின் என்னை நிறுத்தி, காசு வாங்காமல் கேத்திர கணிதம் படிப்பித்தவரும் அவரே. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில், தம் பேனாவால், அழகான கையெழுத்தில் 'ஒப்பந்தகாரர்' என்று நிரப்பித் தந்தார். எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். ஐயா கீழே கையெழுத்திட்டார்.

அந்தப் படிவம்தான் என்னைப் பொறியியலாளனாக்கி இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது. ஐயா போனபோது, உங்களில் பலரைப் போலவே, எனக்கும் தொலைபேசியில்தான் செத்தவீடு நடந்தது.

புதிய மண்டபத்துக்கு நாம் சேர்த்த நிதிக்காகக் கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கப்போகிறார்களாம். என் பெயரும் வருமாம். பழைய கட்டடத்தையும் இதையும் கட்டிய மேசன்மாரின் பெயர்களையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில் பொறிக்க வேண்டும் என்று வரும் பொதுக்கூட்டத்தில் பிரேரிக்க இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை. அந்த வகுப்பில் சிரித்தவர் யாராவது முன்வந்தால் இன்னும் நல்லது.