சைபர்பங்க் 2077: கார்டை மாற்றுவதா, பிராசஸரை மாற்றுவதா?

கேம் ஓடாமல் இல்லை. கேமில் வரும் டாக்டவுன் பகுதியின், கூட்டம் நெரியும் ஸ்டேடியச் சந்தைக்குள் கால் வைத்ததும் படம் வெட்டி வெட்டி இழுக்கிறது, அதுதான் தொல்லை. என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசஸர், 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 1080பி மானிட்டர். யாரைக் கேட்டாலும் "கிராபிக்ஸ் கார்டை மாத்துப்பா" என்கிறார்கள். காசு போடுவதற்கு முன்னால் அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சந்தையில் நொடிக்குச் சராசரி 71 ஃபிரேம், அதாவது திரையில் 71 படங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நொடியில் 59 ஃபிரேம் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 80 மில்லிசெகண்ட் இழுத்தாலும் கணக்கு 60 என்றுதான் காட்டும். கண்ணுக்கோ அந்த ஒன்றுதான் உறுத்தும். ஆகவே ஃபிரேம்களை அளக்கும் கேப்ஃபிரேம்எக்ஸ் மென்பொருளைப் போட்டு, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் '1% லோ' எண்ணைப் பார்த்தேன். 43. திக்கல் ஒளிந்திருந்த இடம் அதுதான்.

அடுத்து ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கினேன். கார்டு வரைய வேண்டிய பிக்சல்கள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகிவிட்டன. கார்டுதான் திணறுகிறது என்றால் ஃபிரேம் எகிறியிருக்க வேண்டும். 71 வெறும் 73 ஆனது. 1080பி-யிலேயே கார்டு 62 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது, மீதி நேரம் பிராசஸருக்காகக் காத்திருப்பு. கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்தால் 1% லோ 54 வரை ஏறியது. ஆனால் ஆளில்லாத சந்தையில் எனக்கென்ன வேலை?

கேமின் அதிகாரப்பூர்வ பரிந்துரைப் பட்டியலிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1080பி, ஹை செட்டிங்ஸ், 60 ஃபிரேமுக்கு அவர்கள் சொல்லும் கார்டு ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், என்னுடையதைவிடச் சின்னது. பிராசஸர் மட்டும் ரைசன் 7 7800எக்ஸ்3டி அல்லது கோர் ஐ7 12700. எஸ்எஸ்டி கட்டாயம் என்கிறார்கள், அது ஏற்கெனவே இருக்கிறது. ரேமும் இரண்டு குச்சியாக, எக்ஸ்எம்பி (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டு 3200-இல் ஓடுகிறது. அதைத் தொடவில்லை.

7800எக்ஸ்3டி-க்குப் போனால் மதர்போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்த்து வாங்க வேண்டும். அதனால் என் மதர்போர்டின் பழைய ஏஎம்4 சாக்கெட்டிலேயே உட்காரும் ரைசன் 7 5700எக்ஸ்3டி-யைத் தேர்ந்தெடுத்தேன். வேகத்தை மட்டும் பார்த்தால் இது 4.1 கிகாஹெர்ட்ஸ், 3600-இன் 4.2-ஐவிடக் குறைவு. வித்தியாசம் எல்3 கேச்சில், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகத்தில். 3600-இல் 32 எம்பி, அதுவும் 16, 16 ஆக இரண்டாகப் பிரிந்தது. இதில் 96 எம்பி ஒரே துண்டாக இருக்கிறது, எட்டுக் கோர்களுக்கும் பொது. கூட்டத்தில் ஒவ்வொரு ஆளின் நடமாட்டத்துக்கும் பிராசஸர் தரவைத் தேடிக்கொண்டே இருக்கிறது. அது கேச்சிலேயே கிடைத்தால் ரேம் வரை ஓட வேண்டியதில்லை.

பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துகொள்ள வேண்டும், பிறகு செய்யலாம் என்றால் திரையே வராமல் போகலாம். இன்னொன்று, ஏஎம்4-இல் கூலரை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே தடவிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து சேர்ந்தே வந்துவிடும், பின்கள் வளையும். கேமைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகிவிட்டுத் தூக்கினேன். புதியதோடு கூலர் வராது. 105 வாட் சூட்டுக்குப் பழைய குட்டிக் கூலர் போதாது என்று டவர் கூலர் ஒன்றும் வாங்கினேன்.

அதே சந்தை, அதே செட்டிங்ஸ்: சராசரி 104, 1% லோ 76. திரும்பும்போது வரும் அந்த வெட்டு காணோம். கார்டு இப்போது 97 சதவீதத்தில் ஓடுகிறது, அதாவது இனி கார்டுதான் எல்லை.

அடுத்து 1440பி மானிட்டர். டிஎல்எஸ்எஸ்ஸை (சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் நுட்பம்) குவாலிட்டியில் வைத்தால் உள்ளே 960பி-யில்தான் வரைகிறது, 3070 தாங்கும் என்று நினைக்கிறேன். ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் பாத் டிரேசிங்கை, கார்டின் இந்த 8 ஜிபி நினைவகத்தை வைத்துக்கொண்டு தொடப் போவதில்லை.