வான்கதவும் இரண்டாவது பூதமும்

ஐப்பசி மாதத்து ஞாயிறு இரவொன்றில், எங்கள் குழு இரண்டு பூதங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது இலங்கை மலையகத்துப் பண்டாரவளையில் இடி இடித்தது. நான் ஹட்டனில் இருந்ததால் எனக்கு அந்த இடி கேட்கவில்லை. நாங்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கோர்ட் செயலியில், அங்கிருந்து விளையாடும் டீச்சரின் பெயர் மறைந்ததையும், "டீச்சர், இருக்கீங்களா?" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டதையும் மட்டுமே அறிந்தேன். அவர் திரும்பி வர நாற்பது நிமிடங்கள் சென்றன. அதற்குள் மந்திரவாதியும் வீரனும் இறந்துபோயிருந்தார்கள்; தப்பியோடிய திருடன் மட்டும் மலைப்பாதையில் தனியாக நின்றான்.

நாங்கள் விளையாடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. 1974 இல் முதன்முதலாக வெளியான அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை, 2014 இன் விதிகளோடு, ரோல்20 தளத்தின் கட்டம் போட்ட வரைபடத்தில் விளையாடுகிறோம். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் தொடங்கியது இன்றுவரை தொடர்கிறது. தலவாக்கலைத் தம்பி ஃபைட்டர் (வீரன்), வெள்ளவத்தையில் கடையொன்றில் வேலை செய்யும் நண்பர் ரோக் (திருடன்), மஸ்கெலியாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் விசார்ட் (மந்திரவாதி), பண்டாரவளை டீச்சர் கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி). கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வேலை என்னுடையது. ஆகவே அன்றிரவு செத்தவர்களுக்குப் பொறுப்பும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, மறுநாள் பிளேன்டீயோடு உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

புத்தகத்தின்படி ஒரு பூதம், அதாவது ஓகர், 450 அனுபவப் புள்ளி பெறும். இரண்டு வந்தால் 900. ஒன்றுக்கு மேற்பட்ட எதிரிகள் சேர்ந்து அடிப்பதன் ஆபத்தைக் கணக்கில் எடுக்க அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும் என்பதால் 1350. மூன்றாம் லெவலில் உள்ள நால்வருக்கு 900 என்பது "கடினம்" என்ற நிலையின் தொடக்கம், 1600 என்பது "உயிராபத்து" என்ற நிலையின் தொடக்கம். எனவே நான் வைத்தது கடினமான, ஆனால் நியாயமான சண்டை. அதே லெவலில் மூவர் மட்டும் இருந்தால் உயிராபத்து 1200 இலேயே தொடங்கிவிடுகிறது. நான் ஒரு பூதத்தைக்கூடக் கூட்டவில்லை. பண்டாரவளையில் கரண்ட் போனதும் சண்டை தானாக ஒரு படி ஏறிவிட்டது.

இந்த அளவிலேயே கணக்கு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். என்னைத் துளைத்தது வேறொன்று. ஸ்பெல் ஸ்லாட்டுகளை, அதாவது எண்ணிக்கை வரம்புள்ள பெரிய மந்திரங்களை, ஒதுக்கிவிட்டு, ஒரு சுற்றில் யார் எவ்வளவு அடிக்கிறார்கள் என்று சராசரி போட்டேன். அடி விழாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸ் பூதத்துக்கு 11 என்பதால் எங்கள் ஆட்கள் நான்கில் மூன்று முறை அடித்துவிடுவார்கள். ரோக் ஏறத்தாழ 11, ஃபைட்டர் 7, விசார்ட் 4, கிளெரிக் 3; ஆக மொத்தம் 25. இரு பூதங்களுக்கும் சேர்த்து 118 உயிர்ப்புள்ளிகள் இருப்பதால் ஐந்து சுற்றில் கதை முடிய வேண்டும். அந்த 25 இல் டீச்சரின் பங்கு வெறும் 3. அவர் போனதால் குறைந்தது அவ்வளவுதான் என்று ஒருவர் வாதாடினால் கணக்கு அவர் பக்கம் நிற்கும்.

எதிர்ப்பக்கத்தைப் பார்த்தால்தான் விசயம் விளங்குகிறது. தம்பியின் வீரனுக்கு 28 உயிர்ப்புள்ளிகள், ஆர்மர் கிளாஸ் 18. பூதத்தின் தண்டாயுதம் அவன்மீது நூற்றுக்கு 45 முறை விழும். விழுந்தால் சராசரி 13. இரண்டும் சேர்ந்து அவனையே அடித்தால் சுற்றுக்கு 12 அளவில் போகும். மூன்றாம் சுற்றில் அவன் விழுவான். நமக்குத் தேவையோ ஐந்து சுற்று. நடுவிலுள்ள அந்த இரண்டு சுற்றுகளைத் தருவதுதான் கிளெரிக்கின் வேலை. ஐந்தாம் பதிப்பில் ஒருவர் 1 புள்ளியோடு நின்றாலும் முழுப் பலத்தோடு அடிப்பார். 0 இல் கிடப்பவர்தான் ஒன்றுமே செய்ய முடியாதவர். ஆகவே அறுபது அடி தூரத்திலிருந்து ஹீலிங் வேர்ட் சொல்லி ஐந்தாறு புள்ளி கொடுத்து ஒருவரை எழுப்புவது, ஐந்தாறு புள்ளிகளைக் கொடுப்பது ஆகாது. ஒரு முழு முறையை, அதாவது சுற்றில் ஒருவருக்குக் கிடைக்கும் வாய்ப்பை, திருப்பிக் கொடுப்பதாகும். சண்டையின் கடுமையை நான் அதுவரை உயிர்ப்புள்ளிகளால் அளந்து வந்தேன். அளக்க வேண்டியது முறைகளை.

கணினி விளையாட்டுகளில் பழகி வருபவர்கள் டேங்க் (அடியைத் தாங்குபவர்), ஹீலர் (குணமாக்குபவர்) என்ற சொற்களையும் கூடவே கொண்டு வருகிறார்கள். 2008 இல் வந்த நான்காம் பதிப்பு இந்தப் பங்குகளுக்குப் பெயரே சூட்டியிருந்தது: டிஃபென்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர். டிஃபென்டர் குறி வைத்த எதிரி அவரை விட்டு வேறொருவரை அடிக்கப் போனால் அதற்குத் தண்டனை உண்டு. ஐந்தாம் பதிப்பு அந்தப் பெயர்களைக் கைவிட்டது; கூடவே அந்தப் பிடியும் தளர்ந்தது. இப்போது சாதாரண ஃபைட்டர் ஒருவர், தன்னைத் தாண்டிப் போகும் எதிரிக்கு ஓர் அடி கொடுக்கலாம், அதுவும் சுற்றுக்கு ஒன்று. 59 புள்ளியுள்ள பூதம் அந்த ஓர் அடியை வாங்கிக்கொண்டு, 17 புள்ளியோடு பின்னால் நிற்கும் மந்திரவாதியிடம் போனால், இரண்டு வீச்சில் அவன் கதை முடிந்தது. அன்று நடந்ததும் இதுதான். தம்பி தன்னை டேங்க் என்று நம்பினான். விதி அப்படி எதையும் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை.

விதி கொடுக்காததை வரைபடம் கொடுக்கலாம் என்பதை அதன்பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதுவரை நான் சண்டைகளைத் திறந்த வெளியில், விளையாட்டு மைதானம் போன்ற சமதரையில் வைத்துக்கொண்டிருந்தேன். தேயிலை மலையில் பிறந்தவன் எதற்காகச் சமதரை வரைந்தேனோ தெரியவில்லை. அடுத்த வரைபடத்தில் பாறையைக் குடைந்து ஓடும் 5 அடி, அதாவது ஒரு கட்டம், அகலமுள்ள ஆழமான கான் (வாய்க்கால்) ஒன்றைப் போட்டேன். (தோட்டத்துக் கான் அவ்வளவு ஆழமிராது; கவ்வாத்து மலையில் வேலை செய்த என் அம்மா இதைப் பார்த்தால் சிரிப்பார்.) பூதம் நான்கு கட்டங்களை அடைத்து நிற்கும் பெரிய உருவம். அது ஒரு கட்ட அகலத்துக்குள் நுழைந்தால் உடலை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். ஒடுங்கி அடிக்கும்போது பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததையே எடுக்க வேண்டும். 45 விழுக்காடு 20 ஆகிறது. பின்னால் நிற்கும் பூதம் ஈட்டி எறியலாம். ஆனால் முன்னால் நிற்கும் தன் இனத்தானே தம்பிக்குப் பாதி மறைப்பாகிவிடுகிறான். எல்லாவற்றையும் கூட்டினால் சுற்றுக்கு 12 ஆக இருந்த சேதம் ஆறரை அளவுக்கு இறங்குகிறது. வீரன் ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்து மீளும் செக்கண்ட் விண்ட் சுமார் 8 புள்ளிகளைத் தரும் என்பதையும் சேர்த்தால், கிளெரிக் இல்லாமலே அவன் ஐந்து சுற்று நிற்பான். டீச்சரின் வேலையில் பெரும்பங்கை ஒரு கான் செய்துவிட்டது.

எல்லா எதிரிகளிடமும் இந்த வித்தை பலிக்காது. ஷேடோ எனப்படும் நிழலுருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வந்தால் நால்வருக்கு அது நடுத்தரச் சண்டை என்று புத்தகம் சொல்லும். டீச்சர் இருந்தால் அது நடுத்தரத்துக்கும் கீழே: அவருடைய ஒளித்தீ நிழலுக்கு இரட்டிப்பாகச் சுடும், இரண்டு தடவை பட்டால் ஒன்று ஒழியும். டீச்சர் இல்லாவிட்டால், மந்திரமில்லாத வாளும் அம்பும் பாதியளவே வெட்டும். நிழலோ தொடும்போதெல்லாம் உடல் வலிமையைக் குடிக்கும், வலிமை 8 மட்டுமேயுள்ள மந்திரவாதியை மூன்று நான்கு தொடுதலில் கொன்றும்விடும். எண் ஒன்றுதான், ஆள் யார் என்பதைப் பொறுத்து சண்டை இரண்டாகிறது. ஐப்பசியிலும் சித்திரையிலும், மாலை இடிமழைக் காலத்தில், நான் நிழலுருவங்களை வைப்பதில்லை.

இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் ஒரு வழக்கத்தை உருவாக்கினோம். குழுவுக்குள் அதன் பெயர் வான்கதவு. மழை பெருத்தால் மேல் கொத்மலையிலும் லக்ஷபானவிலும் அணையின் வான்கதவு திறந்தார்கள் என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆரம்பத்தில் அது என் கையில் மட்டும் இருந்த இரகசியம். ஒரு பூதத்தையும் கோப்ளின் எனப்படும் இரண்டு குட்டி எதிரிகளையும் முதலில் வைப்பேன்: 550 புள்ளிகள், மூன்று எதிரிகள் என்பதால் இரண்டால் பெருக்கினால் 1100. இது நால்வருக்கும் கடினம், மூவருக்கும் கடினம், இரண்டிலும் உயிராபத்துக்குக் கீழே. இரண்டாவது பூதத்தை வரைபடத்துக்கு வெளியே நிறுத்திக்கொண்டு, எல்லோருடைய இணைப்பும் நிலைத்திருந்தால் நான்காம் சுற்றில் உள்ளே விடுவேன். யாராவது அறுந்துபோனால் அது வராமலே போய்விடும்.

மூன்று வாரம் இது ஓடியது. நான்காம் வாரம் தம்பி கேட்டான்: "அண்ணே, ரெண்டாவது பூதத்த நீங்கதானே ஒளிச்சு வச்சீங்க? நாங்க தப்பினதா, நீங்க தப்பவிட்டதா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பகடையை எல்லோரும் பார்க்கத் திறந்துதான் உருட்டுகிறேன் என்று பெருமை பேசியவன் நான். அதற்குப் பிறகு வான்கதவை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். இப்போது முதல் சுற்றிலேயே தூரத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலைக் கூட்டத்துக்கு, ஆள் சேர்க்கத் தப்படித்த காலத்தைத் தாத்தாமாரிடம் கேட்டறிந்தவர்கள் என்பதால், ஆள் வருகிறது என்று புரிந்துகொள்வார்கள். நான்காம் சுற்றில் பூதம் நிச்சயம் வரும். ஆனால் வரைபடத்தில் எங்காவது ஒரு படலையோ, தள்ளிவிடக்கூடிய பாறையோ, வெட்டிவிடக்கூடிய தொங்குபாலமோ இருக்கும். அதை அடைக்க ஒருவர் தம் முறையைச் செலவழிக்க வேண்டும். அடிப்பதா, அடைப்பதா, ஓடுவதா என்பது அவர்கள் பாடு. சித்தப்பா மகன் ஒருமுறை தப்புச் சத்தத்தோடு வருபவன் முனியாக இருக்கட்டும் என்றான். தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) ரோதையை, அதாவது இயந்திரத்தை, காக்கும் ரோதைமுனிக்குப் படையல் வைத்த வீட்டுப் பிள்ளை நான். சாமியை எதிரியாக்க மனம் வரவில்லை. பூதம் பூதமாகவே இருக்கிறது.

பங்குகளைப் பிரிப்பதிலும் ஒரு தவறு செய்தேன். யாருடைய வீட்டில் சிக்னல் பலமாக இருக்கிறதோ அவரே கிளெரிக் என்று ஒரு முறை தீர்மானித்து, வெள்ளவத்தை நண்பரிடம் அந்தப் பாத்திரத்தைத் தள்ளினேன். இரண்டு ஞாயிறு பொறுத்தார். மூன்றாம் ஞாயிறு கடையில் வேலை என்றார். பூட்டுத் திறக்கவும் பொய் சொல்லவும் விரும்பி வந்தவரைக் காயத்துக்குக் கட்டுப்போடச் சொன்னால் வேறென்ன நடக்கும்? பிறகு டீச்சரிடமே கிளெரிக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு இரண்டாம் கை வைத்தோம். 50 பொற்காசு விலையுள்ள மருந்துக் குப்பி எல்லோரிடமும் ஒன்று உண்டு. குடித்தால் சராசரி 7 புள்ளி. இறந்த வீரனுக்குப் பதிலாகத் தம்பி பாலடினை, அதாவது புனித வீரனை, எடுத்தான்: கேடயமும் உண்டு, கை வைத்துக் குணமாக்க மூன்றாம் லெவலில் நாளொன்றுக்கு 15 புள்ளியும் உண்டு. கைபேசியில் விளையாடும் சித்தப்பா மகனுக்குச் சிறிய திரையில் கட்டங்களை எண்ணுவது கஷ்டம் என்பதால், தூரமும் கோணமும் பார்க்கத் தேவையில்லாத மந்திரங்களைப் புதிய விசார்டுக்குத் தெரிவு செய்துகொண்டான். அதைப் பற்றி எந்த விதிப்புத்தகமும் பேசுவதில்லை. இணைப்பு அறுந்தவரின் பாத்திரம் அவர் வரும்வரை தற்காப்பில் நிற்கும், அவர் குப்பியை மற்றவர்கள் எடுக்கலாம்.

இன்னொன்று, ஓய்வு. விதிகள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களை எதிர்பார்த்து எழுதப்பட்டவை. எங்களுக்கு ஞாயிறு இரவு இரண்டரை மணி நேரம். அதில் ஒரு சண்டை நடந்தால் அதிகம். ஒரே சண்டை என்றால் மந்திரக்காரர்கள் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டித் தீர்ப்பார்கள், வாள்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆகவே செலவழித்த மந்திரங்களை மீட்டுத் தரும் நீண்ட ஓய்வு எங்கள் கதையில் ஊர் ஒன்றை அடைந்தால் மட்டுமே. காட்டில் படுத்து எழுந்தால் அது குறுகிய ஓய்வுதான். ஒரு "நாள்" நான்கு ஞாயிறுகளுக்கு நீளும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில், வலயத்துக்கு வலயம் நேரம் வேறாக இருந்ததால், எங்களுடைய ஒரு "நாள்" இரண்டு மாதம் இழுபட்டது.

2024 இல் வந்த புதிய விதிநூல், எண்ணிக்கையால் பெருக்கும் அந்தக் கணக்கை எடுத்துவிட்டது. எட்டு கோப்ளின்கள் பழைய கணக்கில் 1000, நால்வருக்குக் கடினம். புதிய கணக்கில் வெறும் 400, மிகத் தாழ்ந்த நிலையான 600 ஐக்கூடத் தொடவில்லை. கணக்கு எளிதானது உண்மை. ஆனால் எட்டு எதிரிகள் என்றால் சுற்றுக்கு எட்டு முறைகள். முறைகளை எண்ணப் பழகிய எனக்கு அந்த 400 நம்பிக்கை தரவில்லை. பழைய பெருக்கலையே வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு அறுந்தது என்னுடைய இணைப்பு. ரோல்20 க்குப் பதிலாக ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளை என் கணினியிலிருந்து நடத்தியிருந்தால் வரைபடமும் என்னோடு போயிருக்கும். ரோல்20 தன் சேர்வரில் இருப்பதால் அவர்களுடைய திரையில் எல்லாம் அப்படியே நின்றது. இருபத்தைந்து நிமிடம் கழித்து, கைபேசி டேட்டாவைப் பிடித்து உள்ளே வந்தேன். வெள்ளவத்தை நண்பர் படலையை அடைத்திருந்தார். டீச்சர் தம்பியை ஒருமுறை எழுப்பியிருந்தார். எல்லோரும் தத்தம் முறைகளை முடித்து, அரட்டையில் எழுதிவைத்து, பூதத்தின் முறையை மட்டும் எனக்காக விட்டிருந்தார்கள். பூதம் கானுக்குள் ஒடுங்கி நின்றது. அதன் முன்னால் தம்பி, 6 புள்ளியோடு.

உருட்டினேன். 17 உம் 4 உம் விழுந்தன.

"குறைஞ்சத எடுங்க அண்ணே," என்றான் தம்பி.