மூச்சைப் பிடிங்க

எங்கள் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. "அந்த ரைட் முட்டியை உள்ளே அனுப்பு", "செஸ்ட் ரெண்டு வெயிட்டிங்ல இருக்கு" என்றுதான் பேச்சே. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இரக்கமில்லாத மாதிரி இருக்கும். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறை வாசலில் திங்கட்கிழமை காலையில் வந்து நின்று பார்த்தால் கோபம் குறைந்துவிடும். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று நாலா பக்கமிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்த கூட்டம் அது. படம் எடுப்பதற்கு முன்பு மட்டும் பெயர், வயது, எந்தப் பக்கம் என்று கேட்டுச் சரிபார்ப்போம். இடது முட்டிக்குப் பதில் வலதை எடுத்துவிடக் கூடாதே.

அப்படிக் கேட்டபோதுதான் அந்தப் பெயர் வந்தது.

அதை இங்கே எழுதப்போவதில்லை. நோயாளியின் விஷயம் அறையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆகவே அவருடைய ஊர், ஆடிய அணி, ஆடிய வருடங்கள் எதுவும் வராது. கபடி ஆடியவர், எதிரணிப் பக்கம் பாடிப் போவதில் பெயர் வாங்கியவர் என்பது போதும்.

நான் வளர்ந்தது கடலூருக்குப் பக்கத்துக் கிராமம். பொங்கல் முடிந்தால் கபடிதான். களத்து மண்ணைக் கிளறிக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். மூங்கிலில் டியூப் லைட் கட்டி ராத்திரி முழுக்க ஆட்டம். பரிசாகப் பீரோ, குத்துவிளக்கு, சில ஊர்களில் ஆட்டுக்கிடா. மைக் பிடித்தவர் ஒவ்வொரு பாட்டையும் வில்லுப்பாட்டுக்காரர் மாதிரி இழுத்துச் சொல்வார். இன்றைக்குப் பாடிப் போகிறவருக்கு 30 நொடி என்று கணக்கு இருக்கிறது. எங்கள் ஊர்க் களத்தில் அதெல்லாம் கிடையாது, மூச்சு இருக்கும் வரை ஆட்டம்.

அவர் எங்கள் ஊருக்கு வந்த இரவை நான் தகப்பனார் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். நடுக்கோட்டைத் தாண்டியதும் உடம்பைத் தாழ்த்துவார், இடது கை மண்ணை உரசுகிற அளவுக்கு. வாய் முணுமுணுக்கும், கண் மட்டும் ஓரத்தில் நிற்பவனின் காலில் இருக்கும். பிடிக்க வந்தவர்கள் கை கோத்துச் சங்கிலி போட்டபோது அந்தச் சங்கிலிக்கு மேலேயே தாவி நடுக்கோட்டில் வந்து விழுந்தார். விழுந்ததும் முழங்கால்தான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும்.

1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி சேர்ந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இதில் தங்கப் பதக்கம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் நம்ம தமிழ்நாட்டு மணத்தி கணேசன் இருந்தார், அடுத்த வருடமே அர்ஜுனா விருதும் வாங்கினார். ஊர் ஊராக அந்தப் பேச்சுதான். ஆனால் அப்படி மேலே போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். மீதிப் பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் பிழைத்தார்கள். 2018 புரோ கபடி ஏலத்தில் ஆட்டக்காரர்கள் ஒரு கோடியைத் தாண்டியபோது, நல்லது என்று சந்தோஷப்பட்டேன். கூடவே கொஞ்சம் வயிறெரிந்ததும் உண்மை. எனக்காக இல்லை, குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போனவர்களுக்காக.

சரி, அறைக்கு வருவோம். மூட்டு மாற்று அறுவைக்கு முன்னால் எடுக்கிற படங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் ஒரு கை ஊன்றி வந்தார். பின்னால் ஃபைலோடு மகள். வயது ஐம்பதுக்கு மேல். தோள் மட்டும் அதே தோள்.

முதலில் மார்புப் படம். கழுத்துச் செயினையும் தாயத்தையும் கழற்றச் சொன்னேன். ஸ்டாண்டில் மார்பை ஒட்டி நிறுத்தி, தாடையை மேலே தூக்கி, கையை இடுப்பில் வைத்து, இரண்டு தோளையும் முன்னால் தள்ளினேன். தோள் எலும்பு நுரையீரல் மேல் விழாமல் விலகுவதற்காக அப்படிச் செய்வோம். யாருக்கும் செய்வதுதான். ஆனால் தகப்பனார் தோளிலிருந்து பார்த்த ஆளின் தோளைப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளுங்கண்ணே" என்று சொல்வதற்கு எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் வழக்கமானதைச் சொன்னேன். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க."

ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற வார்த்தை. பாதிப் பேர் நான் பட்டனை அழுத்துவதற்குள் விட்டுவிடுவார்கள், திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். இவர் பிடித்தார். படம் விழுந்தாயிற்று, மெஷின் சத்தமும் அடங்கிவிட்டது. அவர் அசையவே இல்லை. "விடலாம்ணே" என்று நான் சொன்ன பிறகுதான் விட்டார். திரும்பிப் பார்த்து, "நடுவர் சொல்லணும்ல" என்றார். அதற்குள் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "கபடி பார்ப்பியா தம்பி?" என்று கேட்டார்.

மூச்சு சரியாக இழுத்திருக்கிறார்களா என்று பார்க்க, உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகளை எண்ணுவோம். 10 தெரிந்தால் நல்ல படம். தாராளமாகவே தெரிந்தது.

முட்டி அப்படி இல்லை. நிற்க வைத்து எடுத்தால்தான் உடம்பின் எடை மூட்டில் இறங்கி உண்மை நிலவரம் தெரியும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது, இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்துத்தான் அது மிச்சமிருக்கிறதா என்று சொல்வார்கள். வலது காலில் உள்பக்கம் இடைவெளியே இல்லை, எலும்பும் எலும்பும் ஒட்டி நின்றன. ஓரங்களில் முள் முள்ளாக எலும்பு வளர்ந்திருந்தது. கொஞ்சம் கீழே பளிச்சென்று வெள்ளையாக ஒரு ஸ்க்ரூ. எப்போதோ ஜவ்வு கிழிந்து தைத்திருக்கிறார்கள். இதே மாதிரி முட்டியைத் தினமும் பார்க்கிறேன். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இருக்கும், வயசான காலத்திலும் களை எடுக்கப் போகிற அம்மாக்களுக்கு இருக்கும். தாவியதும் கைதட்டு வாங்கியதும் அதில் எங்கேயும் பதியவில்லை. கூலி வேலை செய்த முட்டி என்றுதான் எந்த டாக்டரும் நினைப்பார்.

நோயாளிகளோடு செல்ஃபி எடுக்கக் கூடாது என்பது எங்கள் மருத்துவமனை விதி. விதி இல்லாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த முட்டியைப் பார்த்துவிட்டு பக்கத்தில் நின்று சிரிக்க எனக்கு வராது. வேறு பையன்களுக்கு வரலாம், அதைத் தப்பு என்று சொல்லவில்லை.

படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற இடைவெளியில் எங்கள் ஊர் இரவைப் பற்றிச் சொன்னேன். சங்கிலி, தாவல், கடைசிப் புள்ளி எல்லாம். அவருக்கு ஞாபகமே இல்லை. எத்தனை ஊர், எத்தனை ராத்திரி! ஆனால் ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"அங்க மண்ணு நல்லா இருக்கும் தம்பி. கல்லே இருக்காது. பண்ருட்டிப் பக்கம் செம்மண்ணு, விழுந்தா தோலு போயிடும். கடலோரம் மணலு, காலு நிக்காது. ஒங்க ஊரு மண்ணுல விழறது சுகம்."

அப்புறம், இப்போது மண்ணுக்குப் பதில் விரிக்கிற மேட் பற்றிக் கேட்டேன். அந்த விரிப்பில் தோலுக்குச் சேதமில்லை, ஆனால் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும்போது கால் திரும்பாது, முட்டிதான் வாங்கிக்கொள்ளும் என்றார். கையை வைத்து அதைக் காட்டினார். எங்கள் எலும்பு டாக்டர் மாணவர்களுக்கு விளக்குகிற அதே அசைவு.

மகள் செயினை எடுத்து மாட்டிவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டே, அவருக்கு உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சா சம்மணம் போட்டு உக்காரக் கூடாதாமே?"

"ஆமாண்ணே. பெரும்பாலும் வேணாம்னுதான் சொல்வாங்க. நாற்காலிதான்."

"மேட்ச் பாக்கப் போனா? முன்னாடி நாற்காலி போட்டா பின்னாடி இருக்கிறவன் திட்டுவானே."

"கடைசி வரிசையில போட்டுக்கோங்கண்ணே."

"அங்கிருந்து பாத்தா போனஸ் கோடு எப்படிய்யா தெரியும்?" என்றார், ஏதோ அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான் என்பதுபோல.