முடியலைன்னா 197 இருக்குல்ல

"மார்ச்சுக்குள்ள கட்ஓவர் முடிஞ்சிரும் சார். புது நம்பரையே போட்டுடுங்க."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா 197 இருக்குல்ல."

டெலிபோன் டைரக்டரி அச்சுக்குப் போவதற்கு முந்தின வாரம் எக்ஸ்சேஞ்ச் எஞ்சினியருக்கும் டைரக்டரிப் பிரிவுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். 197 என்பது எண் தெரியாதவர்கள் கேட்கும் டைரக்டரி விசாரணை. பிரிவு புது எண்களையே போட்டது. கட்ஓவர், அதாவது பழைய எக்ஸ்சேஞ்சிலிருந்து புது எக்ஸ்சேஞ்சுக்கு எல்லா இணைப்பையும் மாற்றுவது, ஆகஸ்டில் நடந்தது. இடையில் கிடந்த ஐந்து மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது இன்னும் பிடிபடவில்லை.

எண் ஏன் மாற வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. பழைய எந்திர வகையான ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சில் எண் என்பது பெயர்ப்பலகை அல்ல, வழி. டயல் சுழன்று திரும்பும்போது விழும் ஒவ்வொரு துடிப்புக்கும் செலக்டர் என்ற சுவிட்ச் ஒரு படி நகரும். கடைசி இரண்டு இலக்கங்கள் ஃபைனல் செலக்டரில் நூறு பேரில் ஒருவரைப் பிடிக்கும். அதனால் வேறு எக்ஸ்சேஞ்ச் எல்லைக்குக் குடிபோனவருக்கு எண்ணும் போயிற்று. கம்பெனிகளுக்கு அடுத்தடுத்து ஐந்து எண் கொடுத்துவிட்டு, புத்தகத்தில் முதல் எண்ணை மட்டும் '5 லைன்கள்' என்று போட்டதும் இதனால்தான். முதல் லைன் பிஸி என்றால் செலக்டர் தானே அடுத்ததற்குத் தாவும். இ-10பி போன்ற மின்னணு எக்ஸ்சேஞ்சில் இந்தக் கட்டு அறுந்தது. எந்த எண் எந்தக் கம்பிக்கு என்பது நினைவகத்தில் இருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர ஒரு முறையாவது எண் மாறித்தான் ஆகவேண்டும். முன்னால் ஓர் இலக்கம் சேர்த்தால் போதும் என்றிருந்தால் அட்டையில் ஒரு வரி அச்சடித்துத் தப்பித்திருக்கலாம். இங்கே இரண்டு பழைய எக்ஸ்சேஞ்சுகளை ஒன்றாக்கினார்கள். ஒரே கடைசி நான்கு இலக்கம் இரண்டு பேரிடம் இருந்ததால் பாதிப் பேருக்கு எண் அடியோடு மாறியது.

இரண்டு எண்ணையும் போட்டிருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. பக்கக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 10,000 இணைப்பு என்று வையுங்கள். நாலில் ஒருவருக்கு முகவரி இரண்டாம் வரிக்கு வழியும். ஆக 12,500 வரி. பக்கத்துக்கு மூன்று பத்தி, பத்திக்கு 90 வரி என்றால் 270 வரி, 47 பக்கம். ஒரே தாளில் 16 பக்கம் அச்சாகும் பாரமாக, மூன்று பாரத்தில் அடங்கிவிடும். பாதிப் பேருக்கு இரண்டாம் வரி போனால் குறைந்தது 15,000 வரி, 56 பக்கம், நாலாவது பாரம். காகிதம் முந்தின வருடக் கணக்கில் வாங்கி அடுக்கியாயிற்று. நாலாவது பாரத்துக்குக் காகிதம் கிடையாது. 'தெரு', 'நகர்', 'காலனி' எல்லாம் ஓரெழுத்து ஈரெழுத்தாகச் சுருங்கியதும் இந்த வரிக் கணக்குக்காகத்தான். அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் இதற்கென்றே மேத்யூ கார்ட்டரை வைத்து 'பெல் சென்டென்னியல்' என்ற எழுத்துருவை 1970களில் வரைய வைத்தது. மட்டக் காகிதத்தில், வேகமான எந்திரத்தில் மை பரவி எழுத்து அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுத்து மூலைகளில் சின்னச் சின்ன வெட்டுகள் விட்டிருப்பார். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்தது போலிருக்கும். அச்சில் பளிச்சென்று நிற்கும். நம் ஊர் டைரக்டரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 8-க்கும் 3-க்கும், 6-க்கும் 0-வுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்த புகார்கள் தனி.

தொகுக்கும் வேலை வெளியில் தெரிவதைவிடச் சிக்கல். புது இணைப்பு, இடமாற்றம், பெயர்மாற்றம், துண்டிப்பு ஒவ்வொன்றுக்கும் அட்வைஸ் நோட் என்ற வேலைச் சீட்டு வரும். வேலை முடிந்தது என்ற கையெழுத்தோடு வரும் பிரதியைத்தான் பதிய வேண்டும். கையெழுத்தில்லாததைப் பதிந்தால் இன்னும் கம்பியே இழுக்காத வீட்டுக்குப் புத்தகத்தில் எண் இருக்கும். பிறகு அடுக்குவது. ஆங்கில அகரவரிசையில் தமிழ்ப் பெயர். இனிஷியலைத் தூக்கிப் பின்னால் போட்டு, பெயரின் முதலெழுத்தில் வைக்க வேண்டும். ஞானசேகரன் 'ஜி'யில் இருப்பார். தேடுகிறவர் 'என்'னில் தேடிவிட்டு 197-க்கு அடிப்பார். அழகப்பனை 'எல்' போட்டு எழுதினால் 'ஏ' பகுதியின் நடுவில் வருவார், 'இசட்-எச்' போட்டால் கடைசிப் பக்கத்தில். மூர்த்தியில் 'ஓ' இரண்டா 'யூ' ஒன்றா, 'டி'க்குப் பின் 'எச்' உண்டா, முடிவில் 'ஐ'யா 'ஒய்'யா என்று எட்டு விதம். விண்ணப்பத்தில் எழுதியதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. பெயர்மாற்றத்துக்கு அலைய முடியாமல் அப்பா காலமான பிறகும் அவர் பெயரிலேயே ஓடும் போன்கள் வேறு.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் நடக்காத ஒரு கட்ஓவரை நடந்ததாக எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அட்வைஸ் நோட்டில் கையெழுத்து கேட்கிற பிரிவு, பத்தாயிரம் எண்ணுக்கு வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டது. இதுதான் உறுத்துகிறது.

நியாயம் இல்லாமலில்லை. வெளிக் கம்பிகள் எக்ஸ்சேஞ்சுக்குள் வந்து சேரும் மெயின் ஃபிரேமில் ஜம்பர் கம்பி எல்லாம் இரண்டு பக்கமும் இணைத்துச் சோதித்தாயிற்று. புதுப் பக்கத்தில் இணைப்பைத் துண்டித்து வைக்கும் வெட்ஜ் செருகி வைத்திருந்தார்கள். ராத்திரி பழைய பக்கத்து ஃபியூஸை உருவி, இந்தப் பக்கம் வெட்ஜைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. நின்றது வேறு இடத்தில்: வெளியூர் அழைப்புகளைக் கையாளும் டிரங்க் எக்ஸ்சேஞ்சோடு சேர்க்கும் பி.சி.எம். (டிஜிட்டல்) இணைப்புகள் வந்து சேரவில்லை. அதை எஞ்சினியரும் எதிர்பார்த்திருக்க முடியாது. இல்லை, முடிந்திருக்குமோ?

இரண்டு தப்பும் ஒரே எடை அல்ல. பழைய எண்ணைப் போட்டு, கட்ஓவர் நடந்துவிட்டால், அந்த லெவலை, அதாவது அதே முன்னிலக்கத்தில் தொடங்கும் எண்களை, அப்படியே 'எண் மாற்றப்பட்டுள்ளது' என்ற அறிவிப்புக்குத் திருப்பலாம். அழைத்தவருக்கு விஷயமாவது தெரியும். இன்னும் பிறக்காத எண்ணை டயல் செய்தால் 'அப்படி ஓர் எண் இல்லை' என்பதற்கான என்.யு. டோன்தான், நீளமாக இழுத்து ஒலிக்கும். அதைக் கேட்டவர் 'பில் கட்டலை போல, லைனைப் பிடுங்கிட்டாங்க' என்று நினைத்துக்கொள்வார். இப்படிப் பார்த்தால் முடிவு தப்பு. ஆனால் வருடா வருடம் வரவேண்டிய புத்தகம் அடுத்து வந்தது மூன்று வருடம் கழித்து. 36 மாதத்தில் ஐந்து மாதம் தப்பு, 31 மாதம் சரி. பழைய எண்ணைப் போட்டிருந்தால் தலைகீழ். அறிவிப்பு இயந்திரமும் அத்தனை காலம் ஓடாது. இப்படிப் பார்த்தால் முடிவு சரி. முதல் வாரத்தில் இரண்டு தடவை என்.யு. டோன் கேட்டவர் அந்தப் புத்தகத்தை மறுபடி பிரித்தாரா என்பது எந்தக் கணக்கிலும் வராது.

செல்போன் வந்து டைரக்டரியை ஒழித்தது என்பார்கள். பாதி உண்மை. இந்தியாவில் செல்போன் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டியது 2004இல். செல் எண்கள் புத்தகத்துக்கு வரவே இல்லை. ப்ரீபெய்டில் இன்று ஒரு சிம், நாளை ஒரு சிம், யாரை எந்த முகவரியில் அடுக்குவது? ஆனால் அதற்கு முன்பே ஜனங்கள் புத்தகத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள். எண் மாறி மாறி, சென்னையில் 2ஐ முன்னால் ஒட்டி எட்டு இலக்கமாவதற்குள், வீட்டுக்கு வீடு சொந்த நோட்டு வந்துவிட்டது. பழைய எண்ணை அடித்து அடித்து எழுதிய நோட்டு. அச்சுத் தேதிப் பிரச்சினையை நேராகக் கையாண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1980களில் வீட்டுக்கு வீடு மினிடெல் திரையை இலவசமாகக் கொடுத்து டைரக்டரியை அதில் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் 2012 ஜூன் 30இல் மூடியாயிற்று. வேடிக்கை என்னவென்றால், மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்து எண் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் சரியான புத்தகம் போடவே முடிந்திருக்கும். அப்போது கேட்க ஆளில்லை.

197 இருக்குல்ல என்றாரே, அந்த மேஜையில் இருந்ததும் அதே புத்தகம்தான். டாக்டர்கள், ரயில்வே ஸ்டேஷன், லாரி ஆபீஸ், சினிமா கொட்டகை என்று அடிக்கடி கேட்கிற எண்களுக்குப் பக்கத்தில் ஆபரேட்டர்கள் பழைய எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். ஆகஸ்டில் ரப்பரை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள்.