காதால் பார்த்த கதை

2023 நவம்பர் 23, வியாழன்

பிபிசியின் டொக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடருக்கு இன்றைக்கு 60 வயது. வேலையால் வந்த கையோடு ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு முதல் பகுதியை எடுத்துப் போட்டேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

1963இல் இதே திகதி, சனிக்கிழமை பின்னேரம் ஐந்தேகால் தாண்டி ஒளிபரப்பானது. அதற்கு முதல் நாள்தான் கென்னடியைச் சுட்டிருந்தார்கள். நிறையப் பேர் பார்க்கத் தவறிவிட்டார்கள் என்று அடுத்த கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னால் முதலாவதையும் மறுபடி போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கு 24. அந்தக் காலத்து பிபிசியில் ஒரு இளம்பெண்ணையும் ஒரு இந்திய இளைஞனையும் நம்பி இதைக் கொடுத்தார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பழைய சாமான்கள் குவிந்த முற்றத்தில் ஒரு நீலப் பொலிஸ் பெட்டி. டொக்டர் காலம் கடந்து பயணிக்கும் டார்டிஸ் அதுதான். இயன் மாஸ்டர் அதில் கை வைக்கிறார். உள்ளே ஏதோ அதிர்கிறது. உயிரோடு இருக்கிறது என்கிறார். இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸலுக்குப் போன ஞாயிறு 99 வயது.

டிசம்பர் 2, சனி

இன்றைக்கு வந்த புதுப் பகுதியின் கடைசியில் கதிரையில் இருந்தபடி டொக்டரின் பழைய சிநேகிதர் வில்ஃப் தாத்தா வந்தார். அவராக நடித்த பெர்னார்ட் கிரிபின்ஸ் போன வருடமே காலமாகிவிட்டார், அதற்கு முன்னர் எடுத்த காட்சி. மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

2024 ஜனவரி 14, ஞாயிறு

நெடுநாள் ஆசை ஒன்று இன்றைக்கு நிறைவேறியது.

டார்டிஸ் வந்து இறங்கும்போது கேட்கும் அந்த இழுபட்ட மூச்சுச் சத்தத்தைச் செய்தவர் பிபிசியின் ஒலிப் பட்டறையில் இருந்த பிரையன் ஹொட்ஜ்சன். தாயின் வீட்டுத் திறப்பை எடுத்துப் பியானோவின் அடித்தொனிக் கம்பியில் இழுத்திருக்கிறார். பிறகு அதை ஒலிநாடாவில் போட்டு மாற்றி மாற்றி இழைத்திருக்கிறார். தொடக்க இசையும் அதே பட்டறையில்தான் பிறந்தது. ரொன் கிரெய்னர் எழுதிக் கொடுத்த மெட்டை டீலியா டெர்பிஷயர் சுரம் சுரமாகப் பதிவுசெய்து, நாடாவை அங்குலம் அங்குலமாக வெட்டி ஒட்டிச் செய்தார். பெயர்ப் பட்டியலில் அவருடைய பெயரை அப்போது போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகள் பியானோ பழகும் மண்டபத்தில், பொறுப்பான அம்மாவிடம் கேட்டு, பழைய பியானோவின் முன்பலகையைக் கழற்றினோம். இடது பக்கக் கம்பிகளில் செப்புக்கம்பி சுற்றியிருக்கும், தடவினால் விரலில் வரிவரியாகத் தட்டுப்படும். என் வீட்டுத் திறப்பின் பல்லை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தேன். முதலில் வெறும் கீறல். கொஞ்சம் அழுத்தி, இன்னும் மெதுவாக இழுத்தபோது பியானோவின் வயிற்றுக்குள் இருந்து ஒரு முனகல் எழும்பியது.

"அம்மா, இது அதுதான்!" என்று மகள் கத்தினாள்.

கைத்தொலைபேசியில் பதிந்து, வேகத்தைக் குறைத்து, பின்பக்கமாகவும் ஓடவிட்டுக் கேட்டோம். மூன்று மணித்தியாலம் போனது தெரியவில்லை.

பெப்ரவரி 29, வியாழன்

பிபிசி பழைய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. வெளிநாட்டுக்கு விற்கப் போட்ட படச்சுருள் பிரதிகளையும் பிறகு எறிந்தது. இன்றைக்கு 97 பகுதிகளுக்குப் படம் இல்லை. ஆனால் ஒலி அத்தனைக்கும் இருக்கிறது. விற்பனைக்குப் பதிவு நாடாக்கள் வருவதற்குப் பல வருடம் முன்பே, சில பார்வையாளர்கள் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிப் பக்கத்தில் வைத்து, கிழமைக்குக் கிழமை பதிந்து வைத்ததால்தான்.

"மார்க்கோ போலோ" என்ற கதையின் ஏழு பகுதியும் அப்படிப் படம் இல்லாமல் போனவை. ஏழில் ஆறு வாரிஸ் ஹுசைன் இயக்கியவை. ஒவ்வொன்றையும் அது ஒளிபரப்பான அதே திகதியில் கேட்பது என்று போன வியாழன் தொடங்கினேன். இன்றைக்கு இரண்டாவது, "பாடும் மணல்". 1964ம் லீப் வருடம் என்பதால்தான் இந்த 29 கிடைத்தது.

குசினி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். கோபி பாலைவனத்தில் புயல். சிரிப்பு மாதிரி, அழுகை மாதிரி மணல் கத்துகிறது, நடுவில் இரண்டு பெண்பிள்ளைகள் வழி தவறி நிற்கிறார்கள். படம் இருந்திருந்தால் லண்டன் ஸ்டூடியோவுக்குள் கொட்டிய மணல் தெரிந்திருக்கும். என் இருட்டில் அதற்குக் கரையே இல்லை.

இறுவட்டில் இடையிடையே காட்சியை விவரித்துச் சொல்வதும் வில்லியம் ரஸ்ஸல்தான். இயனாகப் பேசும்போது 39 வயது, விவரிக்கும்போது 78. இரண்டு குரலும் மாறி மாறி வருகின்றன. ஒரே ஆளின் இளமையும் முதுமையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைப்பது போல.

ஏப்ரல் 4, வியாழன்

கடைசிப் பகுதி. டொக்டர் குப்ளாய் கானுடன் காய் உருட்டி 35 யானை, 4000 வெள்ளைக் குதிரை, மார்க்கோ போலோ கொண்டுவந்த புத்தரின் பல் எல்லாவற்றையும் வெல்கிறார். பிறகு டார்டிஸுக்காக அத்தனையையும் பந்தயம் வைத்துத் தோற்கிறார். அந்தப் பல் இந்தியாவிலிருந்து வந்ததாகக் கதையில் வருகிறது. புத்தரின் பல்லை வைத்து வணங்கும் கண்டித் தலதா மாளிகை வரிசையில் கால் கடுக்க நின்றவள் நான், அந்த இடத்தில் மட்டும் வாய்விட்டு மறுப்புச் சொன்னேன்.

ஜூன் 4, செவ்வாய்

வில்லியம் ரஸ்ஸல் நேற்றுக் காலமாகிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி பார்த்தேன். 2022இல், 57 வருடம் கழித்து, அதே இயனாக ஒரு நிமிடம் வந்துபோனாரே, அதைப் பார்த்தபோதே இது கடைசி என்று மனதுக்குப் பட்டிருந்தது.

இரவு மார்க்கோ போலோவை எடுக்க மனம் வரவில்லை. மகள்தான் 1965 ஜூன் மாதத்துப் பகுதியை எடுத்துப் போட்டாள். இயனும் அவருடன் பயணித்த ஆசிரியை பார்பராவும் ஒருவழியாக லண்டனுக்குத் திரும்பி வருகிற பகுதி. நல்லகாலம், அதற்குப் படம் இருக்கிறது. டிரஃபால்கர் சதுக்கத்தில் புறாக்களுக்கு நடுவில் இருவரும் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் ஏறிப் பழைய கட்டணத்தைக் கேட்கிறார் இயன். கட்டணம் எப்போதோ கூடிவிட்டது, சந்திரனில் இருந்தா வருகிறீர்கள் என்று கேட்கிறார் நடத்துநர்.

இல்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டீர்கள் என்கிறார் இயன்.

மகள் அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டாள்.