ஐஸ் தண்ணீரில் மாட்டிய ஏசி சென்சார்

சென்னையிலிருந்து கிளம்பினால் செங்கல்பட்டு வரை காரில் ஏசி ஜில்லென்று இருக்கும். திண்டிவனம் நெருங்கும்போது ஃபேன் இரைச்சல் மட்டும் கேட்கும், காற்று வராது. டீக்கு நிறுத்திவிட்டு வந்தால் வண்டிக்கு அடியில் ஒரு குட்டிக் குளம். அப்புறம் ஏசி பழையபடி ஓடும்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கேஸ் அடித்தார்கள். மூன்றாம் முறை "கம்ப்ரசர் போயிடுச்சு சார்" என்றார்கள். எனக்கு அந்தக் குளம்தான் உறுத்தியது. கூலிங் காயிலில் ஐஸ் கட்டிக் காற்றை அடைக்கிறது, நிறுத்தினால் உருகுகிறது. கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும்தான். ஆனால் கேஜில் பிரஷர் சரியாகவே இருந்தது. காயில் உறைவதற்கு முன் கம்ப்ரசரை நிறுத்த வைக்கும் சென்சார்மீது சந்தேகம் போனது.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க நான் வைத்திருக்கும் மலிவு ஓபிடி பிளக், என்ஜின் விவரத்தைத் தாண்டி எதையும் காட்டவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரோடு வந்தார். வெளி வெப்பநிலை 46 என்று வந்ததும் இதுதான் என்று குதித்தேன். "ஓட்டிப் பாருங்க தம்பி" என்றார். அந்த சென்சார் முன் பம்பருக்குப் பின்னால் இருப்பதால், நின்ற வண்டியில் ரேடியேட்டர் சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. கொஞ்ச தூரம் ஓடியதும் 35. காயில் சென்சார் மட்டும் 9 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. காற்று நின்ற பிறகும் அதே 9! கோளாறைச் சொல்லும் ஃபால்ட் கோடும் (code) இல்லை. வயர் அறுந்திருந்தால் கோடு வந்திருக்கும். இது நம்பும்படியாகப் பொய் சொல்கிறது.

கிளவ் பாக்ஸைக் கழற்றி, கையை வளைத்து சென்சாரை உருவ ஒரு மணி நேரம் ஆனது. முழங்கையில் சிராய்ப்பு வேறு. புது சென்சார் ஒன்று வாங்கி, இரண்டின் ரெசிஸ்டன்ஸையும் (மின்தடை) மல்டிமீட்டரில் பார்த்தேன். அறைச் சூட்டில் புதியது 1.8 கிலோ ஓம், பழையது 1.6. பெரிய வித்தியாசமில்லை, இத்தோடு விட்டிருந்தால் ஏமாந்திருப்பேன். குளிர்ந்தால் இதன் ரெசிஸ்டன்ஸ் ஏற வேண்டும். டம்ளர் நிறைய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், அதில் இரண்டின் முனையும். புதியது 6.4-க்கு ஏறியது. பழையது 4.2-இல் நின்றுவிட்டது. சுழியத்தில் இருந்துகொண்டே 9 என்று சொன்னது இதனால்தான்.

புதியதை மாட்டி, ஸ்கேனரோடு மறுபடி திண்டிவனம் வரை போனோம். 3 டிகிரியில் 'டக்' என்று கம்ப்ரசர் கிளட்ச் விட்டது. 5-க்கு ஏறியதும் பிடித்தது. காற்று குறையவே இல்லை. சென்சார் விலை, இரண்டு முறை கேஸுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை.