மாதம் ஒரு வளையல்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கசங்கிய தாள் ஒன்றைப் பையிலிருந்து உருவி நீட்டினாள். வகுப்பு முழுவதும் ஆஸ்திரேலியாவின் பாலரத் நகரில் உள்ள சாவரின் ஹில்லுக்கு இரண்டு நாள் போகிறது. தங்க வேட்டைக் காலத்து ஊரை அப்படியே அமைத்து வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம் அது. 1850களின் பிள்ளைகளைப் போல உடுத்தி, அந்தக் காலப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். துணைக்குப் பெற்றோர் நான்கு பேர் தேவை. "நீ வருகிறாய் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்" என்றாள். கேட்டுவிட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

மெல்பனில் குடியேறி ஒன்பது வருடமாகிறது. 1851இல் இங்கே தங்கம் கிடைத்தது, கூட்டம் கூடியது, நகரம் பெருத்தது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாததைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் என்ன உதவி செய்துவிட முடியும் என்ற தயக்கம் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளோடு பணிபுரிவதற்கான அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்தேன். தொண்டர்களுக்குக் கட்டணம் இல்லை. போக நினைப்பவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பள்ளி மைதானத்தில் தங்க வேட்டை தொடங்கிவிட்டது. மணல் தொட்டியில் பொன் வண்ணம் பூசிய கூழாங்கற்களை ஆசிரியை புதைத்து வைத்திருந்தார். நான்கு நான்கு பேராகக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் கயிறு கட்டிப் பிரித்த ஒரு சதுரம். நிஜத்திலும் முதல் ஆண்டுகளில் ஓர் ஆளுக்குக் கிடைத்தது எட்டடிக்கு எட்டடி நிலம்தானாம். எங்கள் ஊரில் அந்த அளவில் மாட்டுக்கொட்டில்கூடப் போட மாட்டார்கள். தோண்டுவதற்கு உரிமம் வேண்டும். அதற்கு மாதம் 30 ஷில்லிங். உரிமம் இல்லாதவர்களைப் பிடிக்கும் போலீஸ்காரர் வேடம் எனக்கு. நீலக் கோட்டு, அட்டையில் வெட்டிய வில்லை. "கொஞ்சம் கடுமையாக இருங்கள்" என்றார் ஆசிரியை. வீட்டில் பழக்கம் இருக்கிறது என்றேன்.

நான் வாசலைத் தாண்டியதுமே "ஜோ! ஜோ!" என்று ஒரே கூச்சல். அப்போது மெல்பனும் பாலரத்தும் அடங்கிய விக்டோரியா குடியேற்றத்தை ஆண்டவர் லெப்டினன்ட் கவர்னர் சார்லஸ் ஜோசப் லா ட்ரோப். அவருடைய நடுப்பெயரைச் சுருக்கி, போலீஸ் வருகிறது என்று எச்சரிக்கும் குரலாக்கிவிட்டார்கள் சுரங்கத் தொழிலாளிகள். அது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு பேர் சறுக்குமரத்துக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

நான்கு சிறுமிகளின் சதுரத்தில் ஒரு கல்கூட அகப்படவில்லை. முதல் மாதப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். இருபது நிமிடம் கழித்து, அதாவது இரண்டாவது மாதம், நான் மறுபடியும் போய்க் கை நீட்டினேன். "எங்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்டாள் ஒருத்தி. எனக்குச் சொல்லித் தரப்பட்ட பதில் ஒன்றுதான்: கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். அதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது. அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துச் சதுரத்தில் ஆறு கல் எடுத்திருந்த பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவன் தன் உரிமத்தைக் கிழித்து என் காலடியில் போட்டான்.

ஆசிரியை இதற்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. எல்லாரையும் அங்கேயே உட்கார வைத்து, 1854இன் கதையைச் சொன்னார். நவம்பர் 29 அன்று பாலரத்தின் பேக்கரி ஹில்லில் கூடியவர்கள் உரிமத் தாள்களைத் தீயில் போட்டார்கள். பீட்டர் லேலர் என்ற அயர்லாந்துக்காரரின் தலைமையில் மரத்தடுப்பு கட்டி நின்றார்கள். டிசம்பர் 3, ஞாயிறு விடியற்காலையில் படையும் போலீசும் பாய்ந்தன; தொழிலாளிகளில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். யுரேகா என்று இந்த நாடு இன்றும் பேசுவது அதைத்தான். மறுவருடமே மாத உரிமம் ஒழிந்தது. வருடத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் போதும், ஓட்டுரிமையும் உண்டு என்று ஆனது. லேலர் சட்டமன்றத்துக்கே போனார். கிழித்தவன் முகத்தில் அப்போது ஒரு பெருமிதம் வந்ததே, அதைப் படம் எடுத்து வைக்காமல் போனேன்.

அன்று இரவு மகள் கேட்டாள்: "30 ஷில்லிங் என்றால் நிறையவா?" 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே ஒன்றரைப் பவுண்டு. அந்த ஒரு பவுண்டுக்கான பொன் நாணயத்துக்குப் பெயர் சாவரின். சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றுவிட்டேன். அம்மாவும் அத்தையும் நகைக்கடையில் வாய் ஓயாமல் சொன்ன சவரன் இதுவேதான். நாணயத்தின் எடை 7.98 கிராம்; நாம் அதை 8 கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டோம். பவுன் என்பதும் பவுண்டிலிருந்து வந்ததுதான். நாற்பத்தொரு வயதுவரை இது எனக்கு உறைக்கவில்லை.

என் கையில் கிடப்பது ஒன்றரைச் சவரன் வளையல். சோப்புப் போட்டுக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். "மாதம் ஒரு வளையலா? எதுவும் கிடைக்காவிட்டாலுமா?" வருடத்துக்குப் பன்னிரண்டு வளையல், 18 சவரன். எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போடும் நகை. ஷில்லிங் கணக்கில் ஏறாதது வளையல் கணக்கில் ஏறிவிட்டது. அதன்பிறகு அவளுக்கு எல்லாமே வளையல்தான்.

கட்டுச்சோற்றுக்கும் விதி இருந்தது. பிளாஸ்டிக் கூடாது, பளபளக்கும் உறை கூடாது. துணியில் முடிந்து எடுத்துவர வேண்டும். அந்தக் காலத்து உணவு என்றால் ஆட்டிறைச்சி, டீ, டாம்பர். டாம்பர் என்பது மாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்து தணலில் சுடும் ரொட்டி. வீட்டு அடுப்பில் சுட்டுப் பார்த்தேன். முதல் தடவை வந்தது செங்கல். இரண்டாம் தடவை கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து ஏமாற்றினேன்.

ஜூன் மாதம். மெல்பனிலிருந்து மேற்கே 110 கிலோமீட்டர்தான், ஆனால் குளிர் வேறு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாயிலிருந்து புகை கிளம்பியது. பெண் பிள்ளைகளுக்கு நீளப் பாவாடை, மேலே வெள்ளை முன்னங்கி, தலைக்குக் குல்லாய். பையன்களுக்கு அரைக்கோட்டும் தொப்பியும். எங்களுக்கும் உடை கிடைத்தது. கண்ணாடியில் பார்த்தபோது, சால்வை போர்த்திக்கொண்ட மாதாகோயில் பாட்டி போலிருந்தேன். உள்ளே கம்பளி உள்ளாடை போட்டு அனுப்பியவர்கள் புத்திசாலிகள். அனுப்பாதவர்களின் பிள்ளைகளுக்கு என் பையிலிருந்த காலுறைகள் போயின.

வகுப்பறையில் பையன்கள் குனிந்து வணங்க வேண்டும், பெண்கள் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார் அந்தக் கால ஆசிரியை. பிள்ளைகள் அப்படியே அடங்கிப்போனார்கள். பஸ்ஸில் கூரை பிய்யக் கத்தியவர்களா இவர்கள்! பிறகு மேசை மேல் வந்தது சிலேட்டு.

பல்பத்தை எப்படிப் பிடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேனாவைப் போலச் சாய்த்துப் பிடித்தார்கள், அது கிறீச்சிட்டது. எனக்குப் பின்வரிசையில் இடம். பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்து, நுனியில் விரலை வைத்து அழுத்தச் சொன்னேன். அடுத்தவன் சிலேட்டை நீட்டினான். அப்புறம் வரிசையாக. இடைவேளையில் அவர்களிடம் என் ஒன்றாம் வகுப்பைச் சொல்ல வேண்டியதாயிற்று: ஞாயிற்றுக்கிழமைகளில் கோவை இலையும் அடுப்புக்கரியும் வைத்துத் தேய்த்து சிலேட்டைக் கறுப்பாக்கியது, பல்பத்தைத் தின்று அடி வாங்கியது. ஒரு பையன் மிகுந்த மரியாதையுடன் கேட்டான்: "அப்படியென்றால் உங்களுக்கு என்ன வயது?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மை தொட்டு எழுதும் பேனா வந்தபோது என் பெருமையும் முடிந்தது. அதை நானும் தொட்டதில்லை. எழுத்தைவிடச் சொட்டுதான் அதிகம் விழுந்தது. இடக்கைக்காரி ஒருத்தியை வலக்கையால் எழுதச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். நாலாவது வரியில் சிரிப்பு இல்லை.

மத்தியானம் ஓடைக்குப் போனோம். தட்டில் சரளை மண்ணை அள்ளி, தண்ணீருக்குள் அமுக்கி, களிமண் கட்டிகளைக் கையால் உடைக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் கனமானது அடியில் தங்கும். பிறகு தட்டைச் சாய்த்து மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழியவிட வேண்டும். தங்கம் தண்ணீரைப்போல 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். விளக்கியவர் முடிக்கும் முன்பே என் கை புரிந்துகொண்டது. இது அரிசி அரிப்பது! கல் கிடக்கும் ரேஷன் அரிசியை இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி அரித்த கை இது. அங்கே வழிவதை எடுத்துக்கொண்டு அடியில் தங்குவதைக் கொட்டுவோம், இங்கே தலைகீழ். அவ்வளவுதான்.

பிள்ளைகள் பத்தில் எட்டு பேர் அவசரப்பட்டு மொத்தத்தையும் கொட்டிவிட்டார்கள். காக்காய்ப்பொன் மினுக்கைப் பார்த்துப் பலமுறை கத்தினார்கள். என் தட்டின் மடிப்பில், கறுப்பு மணலுக்கு நடுவே, கடுகில் கால்வாசி இருக்கும், ஒரு மஞ்சள் புள்ளி. நிழலிலும் மங்காமல் அதே மஞ்சள். சுற்றி நின்ற பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன. ஓடையில் நிர்வாகத்தாரே கொஞ்சம் தங்கத்தூள் போட்டு வைப்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. எடுத்தது எடுத்தவருக்கே. ஒரு பையன் முழங்காலிட்டுத் தண்ணீரில் உட்கார்ந்து கால்சட்டை நனைந்து, மீதி மாலையை நெருப்போரம் கழித்தான்.

மறுநாள் சீனர்களின் குடியிருப்புப் பக்கம் போனோம். 1855 முதல் விக்டோரியாவில் கப்பலிறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி. அதைத் தவிர்க்கப் பக்கத்துக் குடியேற்றமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். "கிட்டத்தட்ட ஏழு வளையல்" என்றாள் மகள். அவளுடைய சிநேகிதன், சீன வம்சத்துப் பையன், "வேறு யாருக்கும் இந்த வரி இல்லையா?" என்று ஆசிரியையைக் கேட்டான். இல்லை என்றார் அவர். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

இத்தனைக்கும் இந்த நிலம் வாடவுரங் என்ற பூர்வகுடி மக்களுடையது. குளிரில் நடுங்கிய தொழிலாளிகளுக்கு போசம் என்ற மரவிலங்கின் தோலில் செய்த போர்வைகளை விற்றவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்டு உரிமம் கொடுத்தார்களா என்று எங்கள் குழுவில் ஒருத்தி கேட்டாள். மணல் தொட்டியில் சப்பணமிட்டு உட்கார்ந்த அதே பெண்.

திரும்பும் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிட்டார்கள். மகள் தூங்கவில்லை. அந்தப் புள்ளியோடு அவள் எடுத்த இரண்டையும் சேர்த்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு அடைத்து வைத்திருந்தாள். விரல் முழுக்க மைக்கறை. அந்தக் கறை மறைய நான்கு நாளாயிற்று. குப்பியை என் வளையலுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினாள். மூன்று துகளும் சுற்றி வந்து அடியில் உட்கார்ந்தன.

"மாதம் முடிய இன்னும் எத்தனை நாள்?" என்றாள்.

பன்னிரண்டு என்றேன். அவள் குப்பியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.